வெக்டர்: அம்புக்குறியும் கொசுவும் ஒரே பெயரில் வந்தது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயற்பியல் பாடத்தில் வெக்டர் என்றால் விசை, திசைவேகம். அடுத்த பாடவேளையில் உயிரியல் ஆசிரியர் வெக்டர் என்று கொசுவைக் காட்டுகிறார். மரபணு ஆய்வகத்தில் அது ஒரு டிஎன்ஏ வளையம், வடிவமைப்பாளருக்கு ஒரு படக்கோப்பு, செயற்கை நுண்ணறிவு பேசுபவர்களுக்கு எண்களின் நீண்ட வரிசை. இவ்வளவும் எப்படி ஒரே பெயருக்குள் வந்தன என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். எல்லாவற்றுக்கும் பொதுவான வரையறை ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் பெரும்பாலான இடங்களில் "இங்கே எது எதைச் சுமந்து போகிறது?" என்று கேட்டால் பதில் கிடைத்துவிடும்.

வெக்டர் என்ற சொல் எந்த மொழியிலிருந்து வந்தது?

லத்தீன். அந்த மொழியில் 'வெஹெரே' என்றால் சுமத்தல், ஏற்றிச் செல்லுதல். அதிலிருந்து பிறந்த 'வெக்டர்' என்பதற்குச் சுமப்பவர் என்று பொருள். ஏறிப் போகும் பயணியையும் லத்தீனில் அதே சொல்லால் குறித்தார்கள். திசை, அம்புக்குறி என்ற அர்த்தமெல்லாம் மூலச்சொல்லில் கிடையாது. அவை பிற்காலத்தில் கணிதத்தில் வந்து ஒட்டிக்கொண்டவை.

நம் 'வாகனம்' என்ற சொல்லோடு இதற்கு உறவு உண்டாமே?

உண்டு. சமஸ்கிருதத்தின் 'வஹ்' என்ற வேரும் லத்தீனின் 'வெஹெரே'யும் இந்தோ ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் ஒரே மூலவேரிலிருந்து கிளைத்தவை. இரண்டுக்கும் பொருள் சுமத்தல்தான். தமிழுக்குக் கடனாக வந்த வாகனம், பிரவாகம், விவாகம் எல்லாவற்றிலும் இந்த 'வஹ்' இருக்கிறது. விவாகம் என்பது பெண்ணை அழைத்துச் செல்வதைக் குறித்த சொல். சரக்கு ரயிலின் 'வேகன்' ஜெர்மானிய மொழிகள் வழியாக வந்த இன்னொரு உறவுக்காரர். ஆக வெக்டரும் வாகனமும் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை இல்லை, பங்காளிகள் என்று சொல்லலாம்.

அறிவியலில் இந்தச் சொல்லை முதலில் பயன்படுத்தியது யார்? கணிதக்காரர்களா, மருத்துவர்களா?

இரண்டு பேருக்கும் முன்னால் வானியலாளர்கள். சூரியனையும் ஒரு கோளையும் ஒரு கோட்டால் இணைப்பதாகக் கற்பனை செய்யுங்கள். கோள் சுற்றச் சுற்ற அந்தக் கோடும் சேர்ந்து சுழலும். சம கால அளவுகளில் அது சம பரப்புகளைக் கடக்கும் என்பது 1609இல் கெப்ளர் வெளியிட்ட விதி. பின்னால் வந்த வானியல் நூல்களில் அந்தக் கோட்டுக்கு 'ரேடியஸ் வெக்டர்' என்று பெயர் வந்தது. 1704இல் வெளியான ஜான் ஹாரிஸின் ஆங்கிலத் தொழில்நுட்ப அகராதி அதற்குத் தரும் காரணம் எளிமையானது: கோளை மையத்தைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போவது அந்தக் கோடுதான் என்பதுபோல் தோன்றுவதால் அந்தப் பெயர். அம்புக்குறி இன்னும் வரவில்லை, வெறும் சுமக்கும் கோடுதான்.

அப்படியானால் இப்போது நாம் படிக்கும் அம்புக்குறி வெக்டர் எங்கிருந்து வந்தது?

வில்லியம் ரோவன் ஹாமில்டனிடமிருந்து. அவர் அயர்லாந்தின் அரச வானியலாளர், அதனால் ரேடியஸ் வெக்டர் அவருக்கு அன்றாடச் சொல். முப்பரிமாண வெளியில் பெருக்கல் செய்ய ஏற்ற எண் முறை ஒன்றைப் பல வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார். 1843 அக்டோபர் 16 அன்று, டப்ளின் நகரில் மனைவியோடு கால்வாய்க் கரையில் நடந்து போகும்போது விடை பொறி தட்டியது. மூன்று போதாது, நான்கு உறுப்புகள் வேண்டும். அந்தச் சமன்பாட்டை அங்கேயே பாலத்தின் கல்லில் கத்தியால் கீறி வைத்தார். அந்த எண்களுக்கு 'குவாட்டர்னியன்' என்று பெயர். நான்கு உறுப்புகளில் வெறும் எண்ணாக நிற்கும் ஒன்றை 'ஸ்கேலர்' பகுதி என்றும், வெளியில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும் மற்ற மூன்றையும் சேர்த்து 'வெக்டர்' பகுதி என்றும் அடுத்த சில ஆண்டுகளில் பெயரிட்டார். ஒரு புள்ளியைத் தூக்கி இன்னோர் இடத்தில் வைப்பதுதான் ஹாமில்டனின் வெக்டர். சுமத்தல் இன்னும் போகவில்லை.

அதே காலத்தில், 1844இல், ஸ்டெட்டின் நகரப் பள்ளி ஆசிரியர் ஹெர்மன் கிராஸ்மன் இன்னும் பொதுவான ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். எத்தனை பரிமாணத்துக்கும் பொருந்தக்கூடியது. அன்று அதைப் பொருட்படுத்தியவர்கள் மிகக் குறைவு. கிராஸ்மன் பிற்பாடு மொழியியல் பக்கம் திரும்பி, ரிக் வேதத்துக்கு ஒரு பெரிய அகராதி தொகுத்தார். வெக்டர் கணிதத்துக்கு அடித்தளம் போட்ட ஒருவர் 'வஹ்' என்ற வேர் வாழும் மொழிக்கே அகராதி செய்தார் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் சந்தோஷம் தரும் செய்தி.

குவாட்டர்னியனை அப்படியே வைத்துக்கொண்டு இயற்பியல் செய்வது சுமையாக இருந்தது. 1880களில் அமெரிக்காவில் கிப்ஸ், இங்கிலாந்தில் ஹெவிசைடு என்ற இருவரும் தனித்தனியாக அதிலிருந்து வெக்டர் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, புள்ளிப் பெருக்கல், குறுக்குப் பெருக்கல் என்று பிரித்துக் கொடுத்தார்கள். ஹெவிசைடு கல்லூரிப் படிக்கட்டு ஏறாதவர், முன்பு தந்தி ஊழியராக இருந்தவர். மேக்ஸ்வெல் 20 சமன்பாடுகளாக எழுதிய மின்காந்தவியலை இன்று எல்லாரும் படிக்கும் நான்கு வரிகளாகச் சுருக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. இப்போதைய பாடப்புத்தக வெக்டர் இவர்கள் இருவரின் வெக்டர்தான்.

'அளவும் திசையும் இருந்தால் வெக்டர்' என்று படித்தோமே, அது சரிதானா?

பாதி சரி. மிச்சப் பாதியைச் சொல்லாமல் விடுவதால்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள்.

மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு அளவு உண்டு, கம்பியில் எந்தப் பக்கம் பாய்கிறது என்ற திசையும் உண்டு. இருந்தும் அது வெக்டர் இல்லை. இரண்டு கம்பிகள் ஒரு சந்திப்பில் சேர்கின்றன, ஒன்றில் 3 ஆம்பியர், இன்னொன்றில் 4 ஆம்பியர் உள்ளே வருகிறது என்றால் வெளியே போகும் கம்பியில் 7 ஆம்பியர் போகும். கம்பிகளுக்கு நடுவே என்ன கோணம் இருந்தாலும் 7தான். அதே 3, 4 என்ற அளவில் இரண்டு விசைகளைச் செங்குத்தாகச் செலுத்தினால் கிடைப்பது 5. கோணத்தை மாற்றினால் விடையும் மாறும். இணைகர விதிப்படி, அதாவது இரண்டு அம்புகளையும் பக்கங்களாக வைத்து வரையும் இணைகரத்தின் மூலைவிட்டமே விடை என்னும்படி கூடுவதுதான் வெக்டர், திசை இருப்பது மட்டும் போதாது.

இன்னொன்றைக் கையாலேயே செய்து பார்க்கலாம். ஒரு புத்தகத்தை அட்டை மேலே தெரியும்படி உங்கள் முன் நேராக வையுங்கள். முதலில் மேசையில் படுத்தபடியே கடிகாரத் திசையில் 90 டிகிரி திருப்புங்கள். பிறகு உங்களுக்குத் தூரமாக இருக்கும் விளிம்பைத் தூக்கி நிமிர்த்துங்கள். அட்டை உங்களைப் பார்க்கும், எழுத்துகள் பக்கவாட்டில் படுத்திருக்கும். இப்போது பழைய நிலைக்கு வந்து வரிசையை மாற்றுங்கள்: முதலில் நிமிர்த்துங்கள், பிறகு திருப்புங்கள். எழுத்துகள் நேராக நிற்கும், ஆனால் அட்டை இடது பக்கம் பார்க்கும். அதே இரண்டு சுழற்சிகள், விடை வேறு. வெக்டர்களை எந்த வரிசையில் கூட்டினாலும் விடை ஒன்றாக இருக்க வேண்டும். அதனால் சுழற்சிக்கு அளவும் அச்சும் இருந்தும் அதை வெக்டராகக் கூட்ட முடியாது.

கணிதம் இதையும் தாண்டிப் போய்விட்டது. 1888இல் இத்தாலியக் கணிதவியலாளர் பேயானோ வகுத்த விதிகளின்படி, ஒன்றோடொன்று கூட்டவும் எண்ணால் பெருக்கவும் ஒழுங்காக முடிகிற எதுவும் வெக்டர்தான். பல்லுறுப்புக் கோவைகளும் வெக்டர்களே. அங்கே அம்புக்குறியைத் தேடக் கூடாது.

சரி, கொசு எப்படி வெக்டர் ஆனது?

கணிதத்தைச் சுற்றிக்கொண்டு வரவில்லை, நேராக லத்தீன் பொருளிலிருந்தே வந்தது. நோயைச் சுமந்து போவது வெக்டர்.

பூச்சிகள் நோய் பரப்பும் என்பது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஒவ்வொன்றாக உறுதிப்பட்டது. 1877இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன் யானைக்கால் புழு கொசுவுக்குள் வளர்வதைக் கண்டார். 1893இல் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் டெக்சாஸ் மாட்டுக் காய்ச்சலை உண்ணிகள் பரப்புகின்றன என்று நிறுவினார்கள். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், மலேரியா நோயாளியைக் கடித்த அனோஃபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் ஒட்டுண்ணியைப் பார்த்தார். இப்படிச் சேர்ந்துவிட்ட கொசு, உண்ணி, தெள்ளுப்பூச்சி எல்லாவற்றையும் ஒரே சொல்லில் குறிக்க 20ஆம் நூற்றாண்டில் வெக்டர் என்ற பெயர் பரவியது.

இங்கே சுமத்தல் என்பது வெறும் தபால் வேலை இல்லை. டெங்கு வைரஸை உறிஞ்சிய ஏடிஸ் கொசு மறுநாளே அதைப் பரப்பிவிடாது. வைரஸ் கொசுவின் குடலில் பெருகி, உடல் முழுக்கப் பரவி, உமிழ்நீர்ச் சுரப்பியை எட்ட வெப்பநிலையைப் பொறுத்து சுமார் 8 முதல் 12 நாள் ஆகும். அதுவரை கொசு உயிரோடு இருந்தாக வேண்டும். நோய் பரவலின் கணக்கு முழுக்க இந்த இடத்தில்தான் நிற்கிறது. 10 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கொசு ஒரு நாளைத் தாண்டும் வாய்ப்பு 90 சதவீதம் என்றால், 10 நாளும் தாண்டுபவை சுமார் 35 சதவீதம். அதை 80 சதவீதமாகக் குறைத்தால், 10 நாள் தாண்டுபவை 11 சதவீதம்தான். கொசுக்களை முற்றிலும் ஒழிக்க முடியாவிட்டாலும் அவற்றின் ஆயுளைக் கொஞ்சம் குறைத்தாலே நோய் பெரிதாகக் குறைகிறது. மருந்து தோய்த்த கொசுவலையும் வீட்டுச் சுவரில் அடிக்கும் மருந்தும் ஏன் அவ்வளவு பலன் தருகின்றன என்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் இந்த வகை நோய்களால் ஆண்டுக்கு 7 லட்சத்துக்கும் அதிகமானோர் இறக்கிறார்கள். அகராதிப் பொருள் பேசும் பக்கத்தில் இந்த எண் எதற்கு என்று தோன்றலாம். இந்தச் சொல்லின் மிகக் கனமான பொருள் இதுதான் என்பதால் சொல்கிறேன்.

வீட்டு ஈயும் வெக்டரா?

ஆம், ஆனால் வேறு வகை. அதன் காலிலும் உடலிலும் கிருமி ஒட்டிக்கொண்டு வந்து உணவில் விழுகிறது. ஈக்குள் கிருமி வளர வேண்டிய அவசியம் இல்லை. இது இயந்திர முறைக் கடத்தல். கொசுவினுடையது உயிரியல் முறைக் கடத்தல்.

மரபணுப் பொறியியலில் வெக்டர் என்றால்?

ஒரு மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் டிஎன்ஏ அல்லது வைரஸ். பொருள் மறுபடியும் சுமத்தல்.

1973இல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் பிளாஸ்மிட் எனப்படும் பாக்டீரிய டிஎன்ஏ வளையத்தை வெட்டி, வேறொரு மரபணுவை அதில் ஒட்டி, பாக்டீரியாவுக்குள் செலுத்திக் காட்டினார்கள். ஆய்வகங்களில் நெடுங்காலம் புழங்கிய 'பிபிஆர்322' என்ற பிளாஸ்மிட்டைப் பார்த்தால் வெக்டருக்கு என்னென்ன வேண்டும் என்பது புரியும். 4,361 காரமூல இணைகள் (டிஎன்ஏ ஏணியின் படிகள்) கொண்ட சின்ன வளையம் அது. செல்லுக்குள் தானாக நகலெடுக்கத் தொடங்கும் இடம் ஒன்று அதில் இருக்கிறது. ஆம்பிசிலின், டெட்ராசைக்ளின் என்ற இரண்டு மருந்துகளைத் தாங்கும் மரபணுக்கள் இருக்கின்றன. நொதிகள் வெட்டுவதற்கு ஏற்ற இடங்களும் உண்டு. டெட்ராசைக்ளின் மரபணுவின் நடுவில் வெட்டிப் புது மரபணுவை நுழைத்தால் அந்தத் தாங்குதிறன் போய்விடும். ஆம்பிசிலினில் பிழைத்து டெட்ராசைக்ளினில் சாகிற பாக்டீரியாதான் சரக்கை ஏற்றிக்கொண்ட பாக்டீரியா. எனக்குத் தெரிந்து ஆய்வகத் தந்திரங்களில் இவ்வளவு அழகானது குறைவு.

வைரல் வெக்டர் தடுப்பூசி என்பதும் இதே வழிதான். கோவிஷீல்டில் இருப்பது சிம்பன்சிகளின் அடினோவைரஸ். உடலுக்குள் பெருகத் தேவையான மரபணுவை நீக்கிவிட்டு, கொரோனா வைரஸின் கூர்முனைப் புரதத்துக்கான மரபணுவை அதில் ஏற்றியிருக்கிறார்கள். வெக்டர் என்ற சொல்லைக் கேட்டு, கொசுவைப் போல இதுவும் நோயைக் கொண்டுவருமோ என்று பயப்படத் தேவையில்லை. அது சுமப்பது ஒரு மரபணுச் செய்தியை மட்டும்.

வெக்டர் படம் என்கிறார்களே, அதில் எது சுமக்கப்படுகிறது?

இது கணிதக் கிளையிலிருந்து வந்த பொருள். புகைப்படம் புள்ளிகளால் ஆனது. நீளம் 1,000, அகலம் 1,000 என்றால் 10 லட்சம் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிறம். வெக்டர் படத்தில் புள்ளிகள் கிடையாது. 'இங்கே மையம், இவ்வளவு ஆரம், ஒரு வட்டம் போடு' என்ற கட்டளைதான் இருக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு பிசிறாது. நீங்கள் இப்போது படிக்கும் எழுத்துருவும் பெரும்பாலும் இப்படி வளைகோடுகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். தொடக்க காலத் திரைகளில் எலக்ட்ரான் கற்றையை ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு நேராக இழுத்துச் சென்று கோடு போட்டார்கள்.

சி பிளஸ் பிளஸ் மொழியில் வெக்டர் என்பது வெறும் பட்டியல்தானே?

ஆமாம். தேவைக்கேற்ப நீளும் பட்டியல், அவ்வளவுதான். அதில் பெயர்களைக்கூடப் போட்டு வைக்கலாம், கூட்டவோ பெருக்கவோ தேவையில்லை. அந்த நூலகத்தை வடிவமைத்த அலெக்சாண்டர் ஸ்டெபனோவே இந்தப் பெயரை முந்தைய நிரல்மொழிகளிலிருந்து எடுத்ததாகவும், கணிதப் பொருளோடு முரண்படுவதால் 'அரே' என்று வைத்திருக்க வேண்டும் என்றும் பின்னாளில் சொன்னார். மூலப்பொருள் முழுதாகத் தேய்ந்துபோன இடம் இது. இங்கே சுமத்தலைத் தேடிப் பயனில்லை.

செயற்கை நுண்ணறிவில் சொற்களை வெக்டர் ஆக்குவது எதற்கு?

சொல்லைக் கணக்குப் போடக்கூடிய பொருளாக மாற்றத்தான். ஒரு சொல்லுக்குச் சில நூறு எண்களைக் கொடுத்துவிட்டால் அது சில நூறு பரிமாண வெளியில் ஒரு புள்ளி ஆகிறது. ஒரே மாதிரிச் சூழல்களில் வரும் சொற்கள் பக்கத்துப் பக்கத்தில் அமையும்படி அந்த எண்களைக் கணினி கற்றுக்கொள்கிறது. 2013இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட 'வேர்டு2வெக்' இதைப் பரவலாக்கியது. 'அரசன்' என்ற சொல்லின் வெக்டரிலிருந்து 'ஆண்' வெக்டரைக் கழித்து 'பெண்' வெக்டரைக் கூட்டினால் 'அரசி'க்கு அருகில் போய் நிற்கும் என்ற எடுத்துக்காட்டு பிரபலமானது. கேள்வியில் கொடுத்த சொற்களை விடைப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுத்தான் அந்த முடிவைக் காட்டுவார்கள் என்பதை மட்டும் கவனத்தில் வையுங்கள். நெருக்கத்தை அளப்பதற்கு இரண்டு வெக்டர்களுக்கு இடையிலான கோணத்தின் கொசைன் பயன்படுகிறது. கிப்ஸும் ஹெவிசைடும் பிரித்துக் கொடுத்த அதே புள்ளிப் பெருக்கல்தான் அடியில் ஓடுகிறது.

விமானிகளும் சைபர் பாதுகாப்பு ஆட்களும்கூட இந்தச் சொல்லைச் சொல்கிறார்களே?

விமானக் கட்டுப்பாட்டு அறை ரேடாரைப் பார்த்து "270 டிகிரி பக்கம் திரும்புங்கள்" என்று வழி சொல்வதுதான் வெக்டர் கொடுப்பது. இது கணிதக் கிளை. தாக்குதல் வெக்டர் என்பது தீங்குநிரல் உள்ளே வரும் வழி: மின்னஞ்சல் இணைப்பு, யுஎஸ்பி, ஓட்டையுள்ள சேவை. இது நோய்க் கிளையோடு சேரும். கணினி 'வைரஸ்' என்று பெயர் வைத்த பிறகு, அதைச் சுமந்து வருவதை வெக்டர் என்று சொல்வது இயல்பாகவே பொருந்திவிட்டது.

தமிழில் என்ன சொல்வது? திசையனா, காவியா, கடத்தியா?

தமிழ்நாட்டில் கணித வெக்டருக்குத் திசையன் என்றும், அப்படியே வெக்டர் என்றும் எழுதுகிறார்கள். கொசுவுக்கு நோய்க்கடத்தி. மின்சாரம் கடத்தும் பொருளுக்கும் கடத்தி என்றே பெயர் இருப்பதால், முன்னால் 'நோய்' இல்லாமல் எழுதினால் குழப்பம் வரும்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் கணித வெக்டர் காவி, கொசு நோய்க்காவி. காவுதல் என்றால் தோளில் சுமத்தல். பழைய சொல் இது. புறநானூற்றின் 206ஆம் பாட்டில் ஔவையார் "காவினெம் கலனே" என்கிறார். சுமைகோலுக்குக் 'கா' என்று பெயர், காவடியில் இருப்பதும் அந்தக் 'கா'தான். லத்தீன் மூலம் என்ன சொல்கிறதோ அதையே இந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது, அம்புக்குறியையும் கொசுவையும் சேர்த்தே பிடிக்கிறது. என்னைக் கேட்டால் கலைச்சொல்லாக்கத்தில் மிக நல்ல தேர்வுகளில் இதுவும் ஒன்று. தமிழ்நாட்டு வாசகருக்குக் காவி என்றதும் நிறம்தான் நினைவுக்கு வரும் என்பது உண்மையான சிக்கல். அதனால் அவர்களுக்கு எழுதும்போது முதல் தடவை 'காவி, அதாவது வெக்டர்' என்று போட்டுவிட்டால் போதும். திசையன் தவறான சொல் இல்லை. பள்ளி இயற்பியலுக்கு நன்றாகவே பொருந்துகிறது. பல்லுறுப்புக் கோவையை வெக்டர் என்று சொல்ல வேண்டிய இடத்தில்தான் அது இடிக்கும், ஏனென்றால் அங்கே திசையே இல்லை.

ஒரே கட்டுரையில் இரண்டு பொருளும் வந்தால் எப்படிப் பிரித்தறிவது?

கொசு ஆய்வுகளில் இது நிஜமாகவே நடக்கும். 'வெக்டோரியல் கெப்பாசிட்டி' என்ற அளவு அம்புக்குறி வெக்டர் போலத் தெரியும், ஆனால் அது ஒரு கொசுக்கூட்டம் நோயைப் பரப்பும் திறன், ஒரே ஒரு எண். அதே பக்கத்தில் பல ஊர்களின் கொசு எண்ணிக்கையை ஒரு வெக்டராக எழுதியிருப்பார்கள், அது கணித வெக்டர். பக்கத்தில் 'கடித்தல்', 'ஆயுள்', 'இனம்' என்ற சொற்கள் இருந்தால் உயிரியல், 'பரிமாணம்', 'கூறு', 'அணி' இருந்தால் கணிதம். தமிழில் எழுதுபவருக்கு இங்கே வசதி அதிகம்: நோய்க்காவி அல்லது நோய்க்கடத்தி என்று ஒன்றையும், வெக்டர் என்று இன்னொன்றையும் எழுதிவிட்டால் குழப்பமே வராது.

ஸ்கேலர் என்ற சொல்லின் கதை என்ன?

லத்தீனில் 'ஸ்காலா' என்றால் ஏணி, படிக்கட்டு. கழித்தல் பக்கத்திலிருந்து கூட்டல் பக்கம் வரை நீளும் ஒரே எண் வரிசையில் அடங்கிவிடும் மதிப்பு என்பதால் ஹாமில்டன் அதற்கு ஸ்கேலர் என்று பெயர் வைத்தார். தமிழ்நாட்டில் திசையிலி என்றும் ஸ்கேலர் என்றும் எழுதுகிறார்கள், இலங்கையில் எண்ணி.